ஐம்பத்திரண்டு வருஷத் தூசி

ஹலோ... ஹலோ, டெல்பர்ட்? பேசாத, பேசாத. காதை மட்டும் குடு. போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டறேன். கேளு...

(தாழ்ந்த குரலில் ஓர் எஞ்சின் உறுமுகிறது. எங்கோ ஒரு தகரம் அதிர்கிறது.)

கேட்டுச்சா? ... என்னது, பாத்திரம் கழுவற மெஷினா? டேய், உன் காதை அறுத்து நாய்க்குப் போடணும். எட்டு சிலிண்டர்டா அது! சிங்கத்துக்குத் தேன் குடுத்துப் பாடச் சொன்னா இப்படித்தான் பாடும். ... ஆமா. ... ஆமா, ஆமா, கார்வெட் கார்தான். ... வருஷமா? நீயே சொல்லு. முதல்ல உக்காரு. நின்னுக்கிட்டு சொன்னா விழுந்து இடுப்பை உடைச்சுக்குவ, அப்புறம் உன் பொண்டாட்டி நோரீன் என்னைக் கொன்னுடுவா. ... ம்ஹும். ... ம்ஹும், இன்னும் கீழ இறங்கு. ... அதேதான்! அறுபத்து மூணு!

... பொய்யா? இந்த ராஸ்கோ சொன்னா பொய்யா? ... சரி, போன அக்டோபர்ல ஏரிக்குள்ள கார் முழுகிக் கிடக்குன்னு சொன்னது பொய்தான். ஒத்துக்கறேன். நீ கயிறும் கொக்கியுமா வந்து இடுப்பளவு தண்ணியில நின்னியே, அந்தக் காட்சியை நினைச்சு நினைச்சு நான் நாலு கிலோ இளைச்சேன். ... ஆமா, நோரீன் இன்னும் என்கூடப் பேசறதில்ல. தெரியும். ஆனா இது நிஜம்டா. என் பொண்டாட்டி வாண்டா தலைமேல சத்தியம். ... சரி, அவ தலைமேல நான் ஏற்கெனவே பத்துப் பதினஞ்சு சத்தியம் பண்ணிட்டேன், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

... கூபேதான். கூரை போட்டது. ... பின்கண்ணாடியா? ஆங், அதைக் கேளு! அதைக் கேக்க இவ்வளவு நேரமா உனக்கு? ரெண்டு, டெல்பர்ட். ரெண்டாப் பிரிஞ்ச கண்ணாடி. நடுவுல முதுகெலும்பு மாதிரி அந்தத் தண்டு. அசல் தண்டு. ரம்பம் படாத தண்டு.

... ஹலோ? ... இருக்கியா? ... மூச்சு விடுடா.

... தெரியும், தெரியும், அந்த ஒரே வருஷம்தான் அப்படிச் செஞ்சாங்க. எனக்கே பாடம் எடுக்கறியா? அடுத்த வருஷம் தண்டை எடுத்துட்டு ஒத்தைக் கண்ணாடி வந்துச்சு. உடனே இந்த நாட்டுல இருந்த முட்டாப்பசங்க எல்லாம், எங்க வண்டி பழசாத் தெரியக் கூடாதுன்னு, நல்லா இருந்த தண்டை வெட்டி எறிஞ்சிட்டு ஒத்தைக் கண்ணாடியை மாட்டினாங்க. அந்த முட்டாள்களுக்கெல்லாம் தலைவர் யாரு? ... ஏன் முனகற? அறுபத்தெட்டாம் வருஷம், உன் மாமனார் கராஜ், உன்னோட அறுபத்து மூணு கார், உன் கையில ரம்பம். நான்தானே டார்ச் பிடிச்சேன்! ... சரி சரி, அழாத. விட்டுட்டேன்.

... எங்கயா? கெர்பர் பண்ணையில. சோளக்காட்டு நடுவுல சிவப்புக் கொட்டகை இருக்கே, அதுக்குள்ள. ... எல்டன் கெர்பர் செத்துப் பத்து வருஷமாச்சு. அவர் வீட்டம்மா இப்போ முதியோர் இல்லத்துக்குப் போயாச்சு. போறதுக்கு முன்னாடி சர்ச்சுல என்னைக் கூப்பிட்டு, "ராஸ்கோ, கொட்டகையில ஒரு கார் கிடக்கு, உனக்கு வேணுமா"ன்னு கேட்டாங்க. எருக்குப்பை வேணுமான்னு கேக்கற மாதிரி! நான் போய்ப் பாத்தேன். முழங்கால் ரெண்டும் கழண்டு தனியா வீட்டுக்கு நடந்து போயிடுச்சு.

... ஏன் நிறுத்தி வெச்சாரா? எழுபத்தொண்ணாம் வருஷம் அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. இந்தக் காருக்குள்ள குனிஞ்சு இறங்க முடியல. விக்கவும் மனசு வரல. அவ்வளவுதான் கதை. வண்டி மூக்கை உள்ள விட்டு நிறுத்தினவர் தார்ப்பாயைக்கூடப் போடல. ... நம்பரா? பாத்துட்டேன், முதல் வேலை அதுதான். எஞ்சின்ல அடிச்சிருக்கற நம்பரும், உள்ள தகட்டுல இருக்கற நம்பரும் அச்சு அசலா ஒண்ணு. ஒருத்தன் கைவெச்சதில்ல. நீல நிறம், முதல் பூச்சு. முகம் பாரு... திருக்கை மீன் தரையில பதுங்கின மாதிரி. விளக்கு ரெண்டும் கண்ணை மூடிக்கிட்டு உள்ள திரும்பியிருக்கு. இதைப் பாத்தா பிஷப்புக்கே கெட்ட எண்ணம் வரும்.

... சிரிச்சியா? சிரிச்சுட்ட! ஆங், அப்படி வா.

... இரு... ஒரு கொட்டாவி. ... ஹா. என்னமோ இன்னிக்குக் கொட்டாவியா வருது. மூணு நாளா தூங்கல, அதான். பெட்ரோல் டாங்கைக் கழட்டி, கழுவி, பிரேக்கைப் பிடுங்கி, என்னோட சக்கரம் நாலையும் மாட்டி... கிளட்ச் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, அதுகூட ஒரு நாள் குஸ்தி. இன்னிக்கு மத்தியானம் சாவியைத் திருகறேன், ஒரு இருமல், ரெண்டு தும்மல், எந்திரிச்சிடுச்சு!

... தூசியா? அப்படிக் கேளு, அதுதானே விஷயம்! தொடல. ஒரு விரல்கூட வெக்கல. ஐம்பத்திரண்டு வருஷத் தூசிடா. வெல்வெட்டு மாதிரி உக்காந்திருக்கு. கூரைமேல பூனை நடந்த தடம்கூட இருக்கு, அந்தப் பூனை நிக்ஸன் காலத்துப் பூனை. ஏப்ரல்ல நம்ம பழைய கார் கிளப் கண்காட்சியில, கண்டெடுத்தது கண்டெடுத்தபடின்னு ஒரு வரிசை இருக்குல்ல, அதுல கொண்டுபோய் நிறுத்தப் போறேன். கழுவின காரை எவன் பாப்பான்? தூசிக்குத்தான்டா இப்போ கூட்டம்.

... கதவா? மூடித்தான் இருக்கு. பின்ன? வெளிய பனிப்புயல். திறந்தா காத்து ஒரே ஊதுல ஐம்பத்திரண்டு வருஷத்தையும் ஊதித் தள்ளிடும். கீழ ரெண்டு விரல் சந்து இருந்துச்சு, அதுலகூட ஈரச் சாக்கைத் திணிச்சு அடைச்சேன். எறும்பு மூச்சு விட்டாக்கூட உள்ள வராது. ... பெருமையா இருக்காதா பின்ன!

... ஐயோ!

... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மேல உத்தரத்துல இருந்து ஒரு புறா பொத்துன்னு விழுந்துச்சு. என் காரைப் பாத்து மயங்கிடுச்சு பாவம்! ஹஹ்ஹா... அழகுன்னா இதுதான்டா, பறவைக்கே... ஹஹ்... ஐயோ, சிரிச்சா தலைக்குள்ள மேளம் அடிக்குது. பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் மொத்தமும் காதுல ஏறி நெத்தி வழியா இறங்குது.

... ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கேக்கலையா? ... எவ்வளவு நேரமா? ஒரு யுகமா ஓடுது! ... நிறுத்தணுமா? எதுக்கு? டேய், பொறாமையை இப்படியா காட்டறது? பேட்டரி செத்த பேட்டரிடா. நிறுத்தினா மறுபடி எந்திரிக்குமோ என்னமோ. ... புகையா? கொஞ்சம் இருக்கு. வயசான வண்டி, நாலு இருமல் இருமத்தான் செய்யும். நீ இருமலையா?

... கத்தாத. கத்தினா எனக்கு ரெண்டு டெல்பர்ட் கேக்குது. ... மணி காட்டற டயலும் ரெண்டாத் தெரியுது. அறுபத்து மூணுல ஒண்ணுதானே வெச்சாங்க? ... ஏன்டா, ஒண்ணுதானே?

... வாண்டாவா? சர்ச்சுல விருந்து. சிக்கன் நூடுல்ஸ். மசிச்ச உருளைக்கிழங்கு மேல ஊத்தி... ஐயோ, அதை நினைச்சா குமட்டுது. நூடுல்ஸை நினைச்சு எனக்குக் குமட்டினதே இல்ல. ... யாரும் இல்ல. நான் மட்டும்தான். நானும் புறாவும்.

... எந்தப் புறாவா? சொன்னேனே. ... இல்ல, இப்போ இன்னும் விழுந்திருக்கு. ... எத்தனைன்னா... இரு. எண்ணிச் சொல்றேன். கண்ணு சரியா... ஒண்ணு. அங்க ஒண்ணு. வைக்கோல்மேல... நாலு.

... ஹலோ?

... டெல்பர்ட்? ஏன் பேசாம இருக்க?

... நாலுன்னா நாலுதான். ... இல்லடா, நாலாயிரம் இல்ல. நாலு புறா. ... எஞ்சின் ஓடறது... நாப்பது நிமிஷம் இருக்கும். ... ஆமா, நாப்பதுதான். கூட்டிச் சொல்லல. ... நான் எப்பக் கூட்டிச் சொல்லல? ... ஆமா. எப்பவும் கூட்டித்தான் சொல்வேன். ... ஆமா.

... சரி. ... சரி, நிறுத்தறேன். ... நிறுத்தறேன்னு சொல்றேன்ல. சாவி எங்க... விரல் கனமா இருக்கு... இந்தா.

(எஞ்சின் அடங்குகிறது. காற்றின் ஊளை கேட்கத் தொடங்குகிறது.)

நிறுத்திட்டேன். என்னமா அமைதி! ... நோரீனை வீட்டு போன்ல கூப்பிடச் சொல்றியா? யாரை? ... ஆம்புலன்ஸா? எனக்கா? ஊரே சிரிக்கும்டா, ராஸ்கோ காருக்குள்ள உக்காந்தே... சரி. சரி, கூப்பிடச் சொல்லு. கெர்பர் பண்ணைன்னு சொல்லு. பழைய பால் டிப்போவுக்கு அடுத்த திருப்பம்.

... இறங்கறேன். ... இறங்கிக்கிட்டே இருக்கேன். இந்தக் கார் ரொம்பத் தாழ்வுடா... எல்டன் ஏன் நிறுத்தினார்னு இப்போ... கால் வர மாட்டேங்குது. பஞ்சு மாதிரி... விழுந்துட்டேன். ... இல்ல, அடிபடல. தவழ்ந்து போறேன். கதவு இந்தப் பக்கம்... போனை வாயில... இரு.

... ம்ம்... நகரல. ... இழுத்துட்டேன். ... பக்கவாட்டுல நகர்ற கதவை இழுத்துட்டேன்டா, ரெண்டு கையாலயும். வெளிய பனி குமிஞ்சு இறுகிப் போயிருக்கு போல. அசையல. ... சாக்கா? சாக்கைப் பிடுங்கி மூக்கை வெக்கணுமா? ... ஈரச் சாக்கு... உறைஞ்சு கல்லாயிடுச்சு. நல்லாத் திணிச்சிருக்கேன். நான் எந்த வேலையைத்தான் நல்லாச் செஞ்சேன், இதைத்தான்... நல்லாச் செஞ்சிருக்கேன்.

... சின்னக் கதவு இருக்கு. அது முன்னால எல்டன் வைக்கோல் கட்டு அடுக்கியிருக்கார், கூரை வரைக்கும். ... கொட்டகை ஜன்னல் உசரத்துல இருக்கு, எட்டாது.

... எவ்வளவு நேரம்னு சொல்றாங்க? ... நாப்பது நிமிஷமா. பனி வழிக்கற வண்டி முன்னால போனாத்தான் ஆம்புலன்ஸ் வருமா. ... அதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடுவேன். ... தூங்கக் கூடாதா? ... கண்ணு தானா மூடுதுடா. இங்க தரை இதமா இருக்கு.

... டெல்பர்ட். ஒண்ணு சொல்லணும். கத்தாம கேளு. அறுபத்தெட்டுல... தண்டை வெட்டுன்னு முதல்ல சொன்னது உன் தம்பி ஹோமர் இல்ல. நான். ... வெட்டினா புதுசு மாதிரி இருக்கும்னு நான்தான் சொன்னேன். அடுத்த நாள் நீ அழுதப்போ, ஹோமர்தான் சொன்னான்னு பழியைத் திருப்பி விட்டேன். நீ இத்தனை வருஷமா செத்துப்போனவனைத் திட்டற. நானும் சேர்ந்து தலையாட்டினேன். ... இது கூட்டிச் சொன்னதில்ல.

... என்னது? ... தெரியுமா? ... எப்பத்துல இருந்து? ... அன்னிக்கே தெரியுமா! அடப்பாவி. அப்புறம் ஏன்டா...

... காருக்கா? மறுபடியும் காருக்குள்ளயா? எதுக்கு? ... இல்ல. ... இல்ல, இல்ல, இல்ல. என்ன பேசற நீ? பின்பக்கமா விட்டுக் கதவை உடைக்கறதா? டேய், இது இரும்புக் கார் இல்ல. உடம்பு பூரா கண்ணாடி நார். முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும். பின்னாடிதானே தண்டு இருக்கு! வெட்டாத தண்டுடா! இப்படி ஒண்ணு இனிமே கிடைக்காது. நீயா சொல்ற? தண்டை நினைச்சு அம்பத்தஞ்சு வருஷமா ஒப்பாரி வெக்கற நீயா உடைக்கச் சொல்ற?

... ... என்ன சொன்ன? ... இன்னொரு தடவை சொல்லு. ... ம். ... ம். ... அழறியா? ... சரி. அழாத. தவழறேன். தவழ்ந்துக்கிட்டே இருக்கேன்.

... கதவு... கார்க்கதவு. ஏறிட்டேன். பாதி ஏறிட்டேன். ... முழுசும் ஏறிட்டேன். போனை மடியில வெச்சிருக்கேன், சத்தமாப் பேசு. சாவி.

(மெல்லிய, இழுபடும் முனகல். அடங்குகிறது.)

... இல்ல. எந்திரிக்கல. நான்தான் சொன்னேன்ல, செத்த பேட்டரி. ... இன்னொரு தடவையா? ... அம்மாடி, கண்ணு, என் தங்கமே, ஒரே ஒரு தடவை. உன்னைக் கழுவி, துடைச்சு, மெழுகு போட்டு...

(முனகல். இருமல். எஞ்சின் பற்றிக்கொள்கிறது.)

எந்திரிச்சிடுச்சு! ... ஆமா. கிளட்ச். கால் எங்க இருக்குன்னே தெரியல... மிதிச்சிட்டேன். பின்கியருக்கு, கியர்க் கம்பியில இருக்கற வளையத்தைத் தூக்கணும்... விரல்... தூக்கிட்டேன். கியர் விழுந்துச்சு.

... கண்ணாடியில பாக்கறேன். டெல்பர்ட், கதவு தெரியல. இடப்பக்கம் கொஞ்சம் பலகை, வலப்பக்கம் கொஞ்சம் பலகை. நடுவுல தண்டு. கதவை மொத்தமா மறைக்குது. இதுக்காகத்தான் அடுத்த வருஷமே எடுத்தாங்க. ... முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன்டா. ஒரு நாள்கூடப் பின்னால இடிச்சதில்ல. ... பாக்க வேண்டாமா? ... சரி. பாக்கல. நீயே எண்ணு. மூணு வரைக்கும் எண்ணு.

... ம்.

... ம்.

(எஞ்சின் அலறுகிறது. மரம் பிளக்கிறது. கண்ணாடி சிதறுகிறது. பிறகு நெடுநேரம் காற்றின் ஊளை மட்டும்.)

...

... இருக்கேன்.

... இருக்கேன்டா. கத்தாத. போன் கால்கிட்ட விழுந்துச்சு, தேடினேன். ... வெளியத்தான். பாதிக் கார் வெளிய, பாதி உள்ள. வண்டி தானா நின்னுடுச்சு. ... காத்து வருது. முகத்துல பனி அடிக்குது. வாயெல்லாம் பனி. ... மூச்சு விடறேன். ... விட்டுக்கிட்டே இருக்கேன். வாந்தியும் எடுத்தேன், அசல் இருக்கை மேல.

... பேசிக்கிட்டே இருக்கணுமா? சரி, கேளு. ... ராஸ்கோ. ... வாண்டா. ... ஜனவரி. ... தண்டா? இரு, திரும்பணும். கழுத்து... ம். கண்ணாடி ரெண்டும் போச்சு. தண்டு பின்னால பெட்டி வைக்கற இடத்துல கிடக்கு. ... எத்தனை துண்டா? கார் மொத்தமுமா? ... தெரியல. பத்து, பன்னிரண்டு இருக்கும்.

... ஹலோ? ... ஏன் மறுபடி பேசாம இருக்க? ... தூங்கலடா. குளிருது, அவ்வளவுதான். ... தூசியா? இல்ல. கூரைமேல இப்போ பனிதான் இருக்கு. பூனைத் தடம் போச்சு. ஐம்பத்திரண்டு வருஷம்... கண் சிமிட்டறதுக்குள்ள காத்து வாரிக்கிட்டுப் போயிடுச்சு.

... ம். ... ம். முழிச்சுத்தான் இருக்கேன். ... பாட்டு வேண்டாம், நீ பாடினா நிஜமாவே செத்துடுவேன்.

... இரு. ரோட்டுல ஏதோ... மஞ்ச விளக்கு. சுத்துது. ... ஆமா, பனி வழிக்கற வண்டி. பின்னால சிவப்பும் வருது. ... ரெண்டு இல்ல, ஒண்ணுதான். ஒண்ணாத்தான் தெரியுது. ... ஏன்டா, மூக்கைச் சிந்திட்டுப் பேசு, ஒண்ணும் புரியல.

... டெல்பர்ட், இன்னொண்ணு. சார்ஜ் தீரப் போகுது, சீக்கிரம் கேட்டுக்கோ. அந்தத் தண்டு முறிஞ்சிருக்கு பாரு, எவ்வளவு நேரா முறிஞ்சிருக்கு தெரியுமா? நீ ரம்பம் வெச்சு வெட்டினதைவிட ஆயிரம் மடங்கு சுத்தம்! ... ஹ. ... திட்டு, திட்டு, நல்லாத் திட்டு. ... என்ன? மறுபடி கேக்கறியா? ... துண்டா? அது அப்போ தப்பா எண்ணிட்டேன்டா. இப்போ சரியா எண்ணிட்டேன், எழுதிக்கோ. மொத்தம் ஏழு கோடியே நாப்பது லட்சத்து முப்பத்தி—

(இணைப்பு அறுந்தது.)